கோரிக்கை எந்த மேசைக்குப் போக வேண்டும்? திருகோணமலையில் பரிந்துபேசல் பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்திலோ, பெண்கள் அமைப்பிலோ, தொண்டு நிறுவனத்திலோ தொடர்பாடல் பொறுப்புக்குப் புதிதாக வருபவரிடம் முதல் நாளே சொல்லப்படுவது, "கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ" என்பதுதான். கச்சேரி என்பது மாவட்டச் செயலகம். எழுதலாம். ஆனால் அந்தக் கடிதத்தை வாங்குகிறவர் பெரும்பாலும் அதற்கு முடிவு சொல்கிறவராக இருப்பதில்லை. அவர் அதன் ஓரத்தில் இரண்டு வரி எழுதி இன்னொருவருக்கு அனுப்புவார். அவர் கொழும்புக்கு அனுப்புவார். உங்களைக் கண்ணால் காணாத மூன்றாவது ஆள் ஒருவர், நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாத ஓர் அறையில், அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார். கீழே சொல்லப்படும் எல்லாம் அந்த மூன்றாவது ஆளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

விளக்கத்துக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளிப் பக்கமாக ஒரு கரையோரக் கிராமம். கரைவலைப்பாட்டுக்கு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடத்துக்கு, வலையும் வள்ளமும் கொண்டுபோகும் பாதையின் குறுக்கே யாரோ வேலி போட்டுவிட்டார்கள். நாற்பது குடும்பங்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. சங்கம் உங்களிடம் வந்து, "இதுக்கு ஒரு வழி பண்ணித் தாங்கோ" என்கிறது.

முதல் வேலை: அதிகாரம் யார் கையில்?

கடிதம் எழுத உட்காரும் முன் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு பெயர்களை எழுதுங்கள்: நிலம் யாருடையது, பாதை யார் பதிவில் இருக்கிறது, தொழில் யார் பொறுப்பு, கட்டுமானத்துக்கு அனுமதி கொடுப்பவர் யார். மேலே சொன்ன உதாரணத்தில் நான்கும் நான்கு இடங்கள். அரச காணியென்றால் பிரதேச செயலாளர். பாதை உள்ளூராட்சி சபையின் வீதிப் பதிவில் இருந்தால் பிரதேச சபை. கரைவலைப்பாட்டின் பதிவு கடற்றொழில் திணைக்களத்தில். வேலியோ கட்டடமோ கரையோர வலயத்துக்குள் விழுந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அந்த வலயம் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். ஆகவே வேலி அந்த உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து எத்தனை மீற்றரில் நிற்கிறது என்பதை நாடா பிடித்து அளந்துவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். 280 மீற்றரும் 320 மீற்றரும் வெவ்வேறு மேசைகள்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். வீதி உடைந்தால் எல்லோரும் பிரதேச சபைக்கு ஓடுகிறோம். ஆனால் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். உள்வீதிகள்தான் உள்ளூராட்சி சபைக்கு. குளமென்றால், கந்தளாய்க் குளம் போன்ற பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். 80 ஹெக்டேயருக்குக் குறைவாக நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். பாடசாலை தேசிய பாடசாலையானால் மத்திய கல்வி அமைச்சு. மற்றவை வலயக் கல்வி அலுவலகம் வழியாக மாகாணம். புறாத்தீவைச் சுற்றிய கடலில் ஒரு பிரச்சினை என்றால் கடற்றொழில் திணைக்களத்துடன் நின்றுவிட முடியாது. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் அது, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் சொல்தான் அங்கே முதலில். பிழையான இடத்துக்குப் போன கடிதத்தை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அது ஒரு பைலில் கிடக்கும். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். மூன்று மாதம் போய்விடும்.

எல்லைகளையும் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. உப்புவெளி, "பட்டினமும் சூழலும்" என்ற பிரிவில். கொஞ்சம் வடக்கே நிலாவெளி குச்சவெளிப் பிரிவில். கடற்கரை ஒன்றாகவே தெரியும், அலுவலகம் மாறிவிடும். கிராம உத்தியோகத்தரிடம் பிரிவின் பெயரோடு அதன் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ஊரின் பெயர் தமிழில் ஒன்றாகவும் சிங்களத்தில் வேறாகவும் வழங்கும் இடங்களில், கொழும்பில் இருக்கும் மேசைக்கு அந்த இலக்கம்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

மாகாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடந்து வந்திருக்கிறது. தெரிவுசெய்யப்பட்ட மாகாண அமைச்சர் இல்லாத காலத்தில், மாகாண விடயங்களுக்கு ஆளுநரின் செயலாளர், பிரதம செயலாளர், உரிய அமைச்சின் செயலாளர் ஆகிய மூவருக்கும் கடிதம் போக வேண்டும்.

ஆதாரம் சேர்த்தல்

மக்கள் சொல்வது ஆதாரம்தான். ஆனால் மூன்றாவது ஆளின் மேசையில் அது தனியாக நிற்காது. அதனுடன் ஆவணம் வேண்டும். அதற்கு இருக்கும் நல்ல கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது.

விண்ணப்பத்துக்கு ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. அது இல்லாமல் வெறும் கடிதமாகவும் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டால் சட்டம் அதைக் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால். கையளித்ததும் எழுத்தில் பற்றுச்சான்று வாங்காமல் படியிறங்காதீர்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் மேலும் 14 நாட்களுக்குள் தர வேண்டும். காரணம் காட்டி 21 நாள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலம். மறுத்தால், அல்லது மௌனமாக இருந்தால், 14 நாள் கடக்க விடாமல் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு; அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தத் திகதிகளை விண்ணப்பம் கொடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காலம் கடந்த மேன்முறையீடு உள்ளடக்கம் பார்க்கப்படாமலே விழுந்துவிடலாம்.

கேள்வியின் அமைப்பில்தான் விண்ணப்பம் வெல்வதும் தோற்பதும். "ஏன் இந்த வேலியை அனுமதித்தீர்கள்?" என்று கேட்டால், அது கருத்து, ஆவணமல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், இணைத்துள்ள வரைபடத்தில் சிவப்புக் கோடிட்ட பகுதிக்கு 2022 ஜனவரி 1 முதல் இன்றுவரை வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரங்களின் பிரதிகள். அவற்றுக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட களப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகள். அனுமதி எதுவும் வழங்கப்படவில்லையாயின் அதை எழுத்தில் உறுதிப்படுத்துக." கடைசி வாக்கியத்தைத் தவறாமல் சேருங்கள். அனுமதியே இல்லை என்ற ஒரு வரிப் பதில் சில வேளை நூறு பக்கத்தைவிடப் பெரிய ஆதாரம்.

களத்தில் எடுப்பவை: வேலியின் இரு முனைகளின் இருப்பிடக் குறியீடு, அதைக் காட்டும் படம், பாதையின் அகலம், எத்தனை படகுகள், எத்தனை குடும்பங்கள், சுற்றுவழியின் தூரம் மீற்றரில். குடும்ப எண்ணிக்கையைக் கிராம உத்தியோகத்தரின் பதிவோடு ஒப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் 60, அவர் அறிக்கையில் 41 என்று வந்தால் மற்ற எல்லா எண்ணும் சந்தேகத்துக்குள்ளாகும். 41 என்றே எழுதுங்கள். அதில் குறைந்து போக ஒன்றுமில்லை.

ஒற்றைத் தாள்

இனிக் கடிதம். ஒரு பக்கம், அதிகம் போனால் 350 சொல். இணைப்புகள் தனியே, எண்ணிட்டு.

வழமையாக வரும் கடிதங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "எமது மக்களின் நீண்டகாலப் பிரச்சினைக்குத் தாங்கள் உரிய நடவடிக்கை எடுத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதைப் பெறும் முகாமைத்துவ உத்தியோகத்தர் ஓரத்தில் என்ன எழுதுவார்? "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி அனுப்புவார். அடுத்தவரும் அதையே எழுதுவார். நடவடிக்கை என்னவென்று யாரும் சொல்லவில்லையே!

அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: "மேற்படி பாதையின் எல்லையை நில அளவைத் திணைக்கள வரைபடத்துடன் ஒப்பிட, பிரதேச செயலகமும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் பிரதேச சபையும் சேர்ந்த களப் பரிசோதனை ஒன்றை மார்ச் 15ஆம் திகதிக்கு முன் நடத்தி, அறிக்கையின் பிரதியை எமக்குத் தருமாறு கேட்கிறோம்." இப்போது ஓரத்தில் எழுத ஒரு வேலை இருக்கிறது, ஒரு திகதி இருக்கிறது, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கிறது. உங்கள் வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தன் கடிதத்தில் போட்டுக்கொள்ள அந்த உத்தியோகத்தரால் முடிய வேண்டும். எழுதி முடித்ததும் இதைச் சோதியுங்கள்: கோரிக்கை வரியை மட்டும் வெட்டி எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தால், அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விளங்குகிறதா?

வேலியை அகற்று என்று முதல் கடிதத்திலேயே கேட்பதா? ஆதாரம் முழுமையாக இருந்தால் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. களப் பரிசோதனைக்கு ஆம் சொல்வது ஓர் அலுவலருக்கு எளிது. பரிசோதனை அறிக்கை வந்தபின் வேலியை அப்படியே விடுவதுதான் கடினம். ஆகவே முதல் கோரிக்கை சிறியதாக, மறுக்க முடியாததாக இருக்கட்டும்.

பந்திகளின் ஒழுங்கு: முதல் பந்தியிலேயே கோரிக்கை. இரண்டாவதில் உண்மைகள், எண்களோடு. மூன்றாவதில் ஏன் இந்த அலுவலகத்துக்கு இதில் அதிகாரம் இருக்கிறது என்பது, சட்டத்தின் பெயரும் ஆண்டும். நான்காவதில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரும் தொலைபேசியும். வரலாறு, வேதனை, 30 வருடக் கதை எல்லாம் இணைப்பில். அந்த வேதனை உண்மையானது, அதற்கு இடம் வேண்டும். ஆனால் முதல் பந்தியில் வைத்தால் வாசிப்பவர் கோரிக்கை வரை வந்து சேர மாட்டார்.

அரச கடிதங்களின் தலைப்பில் "எனது இல.", "உமது இல." என்று இரண்டு வரிகள் இருக்குமல்லவா? உங்கள் கடிதத்திலும் வையுங்கள். முதல் பதில் வந்ததும் அவர்களின் இலக்கத்தை "உமது இல." என்ற இடத்தில் எழுதி அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். அந்த இலக்கம் இல்லாமல் போகும் நினைவூட்டல் புதுக் கடிதமாகக் கருதப்பட்டு வேறு பைலில் போய் உட்கார்ந்துவிடும். கடிதத்தைக் கையளிக்கையில் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தபாலென்றால் பதிவுத் தபால்.

"பிரதிகள்" என்று கீழே போடும் பட்டியலும் ஒரு கருவி. ஜனாதிபதி முதல் கிராம உத்தியோகத்தர் வரை இருபது பேருக்குப் பிரதி போட்டால், மற்ற பத்தொன்பது பேரில் யாராவது பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். நான்கு பேர் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் என்று ஒரு சொல்: "களப் பரிசோதனையில் பங்கேற்க", "தகவலுக்காக".

மொழி

அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே மூலக் கடிதம் தமிழில் இருக்கட்டும், கையொப்பம் அதில் விழட்டும். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதையும் எழுத்தில் சுட்டிக்காட்டித் தமிழ்ப் பிரதி கேளுங்கள்.

அதே நேரம், கொழும்பு மேசையில் தமிழ் வாசிக்கும் உத்தியோகத்தர் இல்லாவிட்டால் கடிதம் மொழிபெயர்ப்புக்குப் போய்க் காத்திருக்கும். நீங்களே சிங்களப் பிரதியை இணைத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. இதில் விட்டுக்கொடுத்தல் எதுவும் கிடையாது. மொழிபெயர்ப்பை மட்டும் அரைகுறையாகச் செய்யாதீர்கள்: "கரைவலைப்பாடு" என்பதை, மாதெல் (சிங்களத்தில் கரைவலை) தொழில் செய்பவர்கள் சொல்லும் சொல்லால் எழுத வேண்டும், அகராதிச் சொல்லால் எழுதினால் கடற்றொழில் பரிசோதகருக்கே விளங்காது. அந்தத் தொழில் தெரிந்த சிங்களவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்துங்கள்.

இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடலில் தொழில் செய்கிறார்கள். மூதூர், வெருகல் பக்கம் கரையோர வேடர் சமூகமும் இருக்கிறது. பாதை மூடியதால் மூன்று சமூகத்து வலைகாரரும் பாதிக்கப்பட்டிருந்தால், மூவரின் கையொப்பமும் ஒரே தாளில் இருக்கட்டும். ஒரே கோரிக்கை மூன்று சமூகப் பெயர்களில் மூன்று கடிதங்களாகப் போனால், அலுவலகத்தில் அது தகராறாகத்தான் வாசிக்கப்படும், தீர்வு தள்ளிப்போகும். வேலி போட்டவரின் இனத்தையோ மதத்தையோ ஒருபோதும் எழுதாதீர்கள். தேவையில்லை என்பதோடு, அது உங்கள் சங்கத்தையே ஆபத்தில் மாட்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

காலம் பார்த்தல்

வாடைக் காற்று, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று, அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கரைவலைக்கு ஆளிருக்காது, நிலாவெளிக்கு உல்லாசப் பயணியும் குறைவு. சோழகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கிக் கடல் அடங்கினால் இரண்டு தொழிலும் ஒன்றாகவே எழும்பும். பாதைத் தகராறு வெடிப்பது அப்போதுதான், கடிதம் எழுதப்படுவதும் அப்போதுதான். ஆனால் களப் பரிசோதனை, கூட்டம், அறிக்கை என்று எல்லாம் முடிய மாதங்கள் எடுக்கும், அதற்குள் பருவம் முடிந்துவிடும். வேலை ஜனவரியில், வாடைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

பணம் தேவைப்படும் கோரிக்கைக்கு, உதாரணமாக இறங்குதுறை, வடிகான், குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு, வேறு நாட்காட்டி. அரசின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசெம்பர் வரை. தேசிய வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வருகிறது. திணைக்களங்களின் அடுத்த ஆண்டு முன்மொழிவு அதற்குப் பல மாதம் முன்பே உருவாகிவிடும். உங்கள் மதிப்பீடு ஜூனுக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு அலுவலகங்கள் இருக்கும் காசை டிசெம்பர் 31க்கு முன் செலவழித்து முடிக்கும் அவசரத்தில் இருக்கும். ஆயத்தமான வரைபடமும் பொறியியலாளரின் மதிப்பீடும் உங்கள் கையில் இருந்தால் அந்த அவசரமும் சில வேளை உதவும். மற்றபடி அந்த மாதங்களில் புதுக் கோரிக்கையோடு போவது பயன் தராது.

கூட்டங்கள்

பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்று இரண்டு மட்டம். அரசியல்வாதிகளும் எல்லாத் திணைக்களத் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பது இங்கேதான். ஆகவே பல திணைக்களம் சம்பந்தப்பட்ட எங்கள் பாதைப் பிரச்சினை போன்றவைக்கு இதுவே சரியான இடம். நேரே போய்க் கையுயர்த்த முடியாது. நிகழ்ச்சிநிரலில் விடயம் ஏற வேண்டும். கூட்டத் திகதிக்கு மூன்று வாரம் முன்பாகவே பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அதன்பின் ஒரு வேலை இருக்கிறது, பலர் செய்யத் தவறுவது: சம்பந்தப்பட்ட ஒவ்வொரு திணைக்களத்துக்கும் அந்த ஒற்றைத் தாளை முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுப்பது. கூட்டத்தில் முதல்முறையாகக் கேள்விப்படும் அலுவலர், "பார்த்துச் சொல்கிறேன்" என்பார். விடயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். முன்பே வாசித்தவர் பதிலோடு வருவார்.

திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்துக்கு நான்கு பாராளுமன்ற ஆசனங்கள். எந்தக் கட்சியானாலும் நான்கு பேருக்கும் ஒரே தாளை, ஒரே வாரத்தில் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் கோரிக்கை அவருடைய கட்சியினுடையதாகிவிடும், மற்றவர்கள் விலகி நிற்பார்கள். பாராளுமன்றத்தின் பொது மனுக் குழுவுக்கு மனுப் போக ஓர் உறுப்பினர் சமர்ப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அலுவலரை நேரில் சந்திப்பதென்றால் மூன்று பேர் போங்கள். பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர். பொதுமக்கள் தினம் எதுவென்று முன்னரே கேட்டு, நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஆயத்தம் செய்யுங்கள்: இரண்டு நிமிடம் விடயம், ஒரு நிமிடம் கோரிக்கை, மிச்சம் அவர் பேசுவதற்கு. பாதிக்கப்பட்டவர் தன் வாயால் ஒரு நிகழ்வைச் சொல்லட்டும். வலையைத் தோளில் வைத்து எத்தனை மீற்றர் சுற்றி நடக்கிறார் என்று அவர் சொன்னால் போதும், நீங்கள் அதற்கு விளக்கவுரை சொல்லாதீர்கள். அலுவலர் சிங்களத்தில் மட்டும் பேசுபவரானால் மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துப் போங்கள். வாசலில் கிடைத்தவரை வைத்துப் பேசினால் உங்கள் கோரிக்கை பாதியாகிவிடும்.

அன்று மாலையே ஒரு சிறு கடிதம் அனுப்ப வேண்டும்: "இன்றைய சந்திப்புக்கு நன்றி. தாங்கள் பெப்ரவரி 20இல் களப் பரிசோதனைக்கு இணங்கியதாகக் குறித்துக்கொண்டோம். பிழையிருப்பின் தெரிவிக்கவும்." வாய்ச்சொல் பைலுக்குள் ஏறுவது இப்படித்தான்.

பெரிய திட்டங்கள்

மின் நிலையம், துறைமுக விரிவாக்கம் போன்றவற்றில் கதவு ஒன்று சட்டத்திலேயே திறந்திருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும். அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். அந்த முப்பது நாள் யாருக்கும் தெரியாமல் கடந்துபோவதுதான் வழமையான இழப்பு. சங்கத்தில் ஒருவர் வாரம் ஒருமுறை பத்திரிகை அறிவித்தல்களைப் பார்க்கும் பொறுப்பை எடுக்க வேண்டும். கருத்து அனுப்பும்போது, "இத்திட்டம் வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல் அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லி எழுதுங்கள்: இன்ன பக்கத்தில் இந்தக் குடாவில் மீனவர் இத்தனை என்றிருக்கிறது, உண்மையில் இத்தனை, பதிவு இதோ. திட்டம் வைப்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சம்பூர் அனல் மின் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். நிலக்கரியில் 500 மெகாவாட் என்று திட்டமிட்டிருந்ததை, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2016 செப்டெம்பரில் அரசு கைவிடுவதாக அறிவித்தது. ஊர் மக்களின் எதிர்ப்பு, சுற்றாடல் அமைப்பின் மனு, மின்சாரத் துறையின் கொள்கை மாற்றம் என்று பல பக்கத்திலிருந்தும் அழுத்தம் சேர்ந்திருந்தது. ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டிருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பது எங்கள் கணிப்பு.

ஊடகம்

கடிதம் முதலில், ஊடகம் பிறகு. கடிதம் கிடைக்கும் முன் செய்தியில் தன் அலுவலகத்தின் பெயரைப் பார்க்கும் அலுவலர் தற்காப்புக்குப் போய்விடுவார். முறையாகக் கேட்டு, காலக்கெடு கடந்து, பதில் வராதபோது செய்தியின் கனமே வேறு: "ஜனவரி 10இல் எழுதப்பட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை" என்ற வரியை யாராலும் மறுக்க முடியாது.

ஊடக அறிக்கை 300 சொல். முதல் வாக்கியத்தில் யார், எங்கே, என்ன கேட்கிறார்கள். மேற்கோள் ஒன்று, இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல், சொன்னவர் வாசித்துச் சரியென்றபின். தட்டெழுத்தை யுனிகோடில், வேர்ட் கோப்பாகவோ மின்னஞ்சலின் உடலிலோ அனுப்புங்கள். பிடிஎப் மட்டும் அனுப்பினால் செய்தியாளர் மறுபடி தட்டெழுத வேண்டும். பாமினி எழுத்துருவில் அனுப்பினால் கைத்தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சுக்கு உதவாமல் போகும். ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். படத்துக்குக் கீழ் இடமும் திகதியும் இடமிருந்து வலமாகப் பெயர்களும். வானொலிக்கு 30 செக்கன் குரல் பதிவு, காற்றிரைச்சல் இல்லாத இடத்தில். கடற்கரையில் நின்று பதிந்தால் கேட்காது. வாடிக்குள் (மீனவர் கொட்டிலுக்குள்) போய்ப் பதியுங்கள்.

பிராந்தியச் செய்தியாளர்கள் பலர் ஒரே வேளையில் பல நிறுவனங்களுக்கு எழுதுகிறார்கள். காலையில் அனுப்பினால் அன்றைக்கே வேலை நடக்கும். மாலை ஆறு மணிக்கு அனுப்பியது அடுத்த நாள் பழைய செய்தி. சிங்கள ஊடகத்துக்குத் தனி அறிக்கை எழுதுங்கள். அந்த வாசகருக்கு இடத்தையும் தொழிலையும் இன்னும் ஒரு வரி கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு

இதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். உங்கள் அறிக்கையில் பெயர் வந்த மீனவரின் வீட்டுக்குத்தான் கேள்வி கேட்க ஆள் வருவார், உங்கள் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னர். பெயரும் படமும் எங்கே வெளிவரும், யார் பார்ப்பார்கள் என்று விளங்கப்படுத்தியபின் சம்மதம் கேளுங்கள். "பெயர் வேண்டாம்" என்றால் பெயர் வேண்டாம். ஊரும் வயதும் சேர்த்துச் சொன்னால் பெயர் சொன்னது போலத்தான். சிறுவர் முகம் வேண்டாம்.

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. ஆனால் மானநட்ட வழக்கு இன்னும் உண்டு. "ஊழல் செய்தார்" என்று எழுதாதீர்கள். "அனுமதி வழங்கப்படவில்லை எனத் திணைக்களம் எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளது" என்று எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன, மதப் பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் எழுதுபவற்றுக்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. சங்கத்தின் முகநூல் பக்கத்தில் மற்றவர்கள் எழுதும் பின்னூட்டத்தைக்கூட நாளுக்கு இரண்டு தடவை பார்த்து, இனத்தை இழுப்பவற்றை நீக்க ஒருவர் வேண்டும்.

ஊர்வலம் என்றால், தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவித்தல். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. ஆறு மணித்தியாலம் என்பது சட்டத்தின் ஆகக் குறைந்த அளவு. மூன்று நாள் முன்பே கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

அடிப்படை உரிமை மீறல் என்று தோன்றினால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. நாட்கணக்கு நுட்பமானது, முதல் வாரத்திலேயே சட்டத்தரணியிடம் போங்கள்.

பின்தொடர்தல்

ஒரு கொப்பியில் ஐந்து நிரல்கள்: திகதி, அனுப்பிய இடம், அவர்களின் இலக்கம், சொன்ன பதில், அடுத்த திகதி. கடைசி நிரல் ஒருபோதும் வெறுமையாக இருக்கக் கூடாது. பதில் வராவிட்டால் 14ஆம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, 21ஆம் நாள் நினைவூட்டல் கடிதம், 30ஆம் நாள் மேலதிகாரிக்குப் பிரதியோடு இரண்டாவது நினைவூட்டல். தொலைபேசியில் எடுத்தவரின் பெயரையும் பதவியையும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை, "போன செவ்வாய் உங்களுடன்தான் கதைச்சனான், தங்கச்சி" என்று தொடங்க முடிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

வேலி திறந்தால் அதோடு பைலை மூடாதீர்கள். பாதை உள்ளூராட்சி சபையின் வீதிப் பதிவில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறாத பாதை அடுத்த சோழகத்துக்கு மறுபடி மூடப்படலாம். உதவிய அலுவலருக்கு நன்றிக் கடிதம் அனுப்புங்கள், பிரதி அவரின் மேலதிகாரிக்கு.

அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியோடு நடைமுறைக்கு வருகின்றன. டிசெம்பரில் உங்களுக்கு எல்லாம் தெரிந்த பரிசோதகர் பொங்கலுக்கு வேறு மாவட்டத்தில் இருப்பார். ஜனவரி இரண்டாவது வாரத்தில், எல்லா அலுவலகங்களுக்கும் ஒருமுறை போய், யார் மாறியிருக்கிறார்கள் என்று பார்த்து, புதியவரின் மேசையில் அந்த ஒற்றைத் தாளையும், இதுவரை நடந்த கடிதங்களின் இலக்கப் பட்டியலையும், இணங்கிய விடயங்களின் பிரதிகளையும் வைத்துவிட்டு, திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.